நோவுத் தாள்

என் மகளுக்கு நான் ஒரு ஊசி கூடப் போட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் சொல்கிறேன். துறையூரில் பாதி ஊர் என்னிடம் குத்து வாங்கியிருக்கிறது. நித்திலாவுக்குத் தடுப்பூசி போடுகிற நாளில் மட்டும் ட்ரேயை இன்னொரு சிஸ்டர் கையில் திணித்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொள்வேன். அடுத்தவர் பிள்ளை என்றால் குத்துவாள், தன் பிள்ளை என்றால் ஓடுவாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது எனக்குத் தெரிய வந்ததே இதை வைத்துத்தான்.

நித்திலாவுக்குப் பதினொரு வயதில் அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். கணையத்தில் புற்று. ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டில் கடைசிப் பத்து நாள் அவர் அலறின அலறல் எனக்கு இன்னும் கேட்கிறது. அங்கே ஒரு நர்ஸ் பெண், கட்-ஆஃப் மார்க்கில் மாநிலத்திலேயே முன்னால் வந்தவளாம், வந்து நின்று, சும்மா கத்தாதீங்க, மத்த பேஷண்ட்டெல்லாம் இருக்காங்கல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை அவள். அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நித்திலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் நர்ஸாகப் போகிறேன் என்றாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவள் மாற்றவே இல்லை.

அந்த மாதிரி நர்ஸ்கள் பெருகிவிட்டார்கள் என்றுதான் அரசாங்கம் நர்ஸிங் படிப்பில் சேர நோவுத் தேர்வைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான். முதல் இரண்டு வருஷம் அதிசயமாக இருந்தது. கல்குவாரி வேலைக்காரர்களின் பெண்கள், செங்கல் சூளைப் பிள்ளைகள், சின்ன வயதில் எரிந்தது உடைந்தது எல்லாம் பார்த்தவர்கள் தரவரிசையில் மேலே வந்தார்கள். பேப்பரில் படம் போட்டார்கள். மூன்றாவது வருஷம் கோச்சிங் சென்டர் வந்துவிட்டது. நம் ஊரில் எதற்குத்தான் வரவில்லை?

பரணிதரன் முன்பு கெமிஸ்ட்ரி வாத்தியார். பெரம்பலூருக்கு வெளியே ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து 'முதலுதவிப் பயிற்சி மையம்' என்று போர்டு மாட்டியிருந்தார். நான் அங்கே வேலைக்குப் போன முதல் நாள் மணிகண்டம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளைச் சேர்க்க வந்திருந்தார். படிக்கிற பிள்ளையை எதற்கு இந்தப் பாடு படுத்த வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. பரணிதரன் பொறுமையாகத்தான் சொன்னார்.

"படிப்புக்கு நூறு மார்க்குங்க. பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. அதுல எல்லாரும் தொண்ணூத்தஞ்சுக்கு மேலதான் நிக்கிறாங்க. மிச்ச நூறு நோவுத் தாள். நிஜமான நோயாளியோட வலிய ஒரு பட்டையில பதிஞ்சு வெச்சிருக்காங்க. அத உங்க பொண்ணு கையில மாட்டுனா அந்த ஆளு பட்ட வலி இவளுக்கு வரும். எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எத்தன நாளா, உள்ள என்ன கெட்டுருக்குன்னு எழுதணும். பதிவோட ஒத்துப்போனா மார்க்கு. இல்லாதத எழுதுனா அரை மார்க்கு போயிரும். அனுபவிக்காத வலிய எப்படிங்க எழுதும் பிள்ள?"

"அந்தப் பட்டையவே வாங்கிப் பழகலாமுல்ல?"

"வெளிய ஒரு பட்டை அகப்பட்டா ஏழு வருஷம் உள்ள போவணும். பட்டை வேண்டாம். வலி நம்மகிட்ட இருக்கு. அதுக்குத்தான் சிஸ்டர் வந்துருக்காங்க."

தகப்பனார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் மகள் அப்பா கையிலிருந்து பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

ஏன் போனாய் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை, அது ஒன்று. இன்னொன்று, எனக்கு முன்னால் அங்கே குத்திக்கொண்டிருந்தவன் ஒரு மருந்துக்கடைக்காரன். ஒரு பெண்ணுக்கு நரம்பில் பட்டு, பாதம் தூக்க முடியாமல் போய்விட்டது. எவனோ குத்துவதற்கு நான் குத்தினால் எலும்பும் நரம்புமாவது தப்பும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை அது. முழு உண்மையும் இல்லை.

என் இடம் மணமகள் அறை. சுவரில் பெரிய கண்ணாடி, பல்பு வரிசை எல்லாம் அப்படியே இருந்தது. இரண்டு பாடம் எனக்கு. கெட்டியான உப்புத் தண்ணீரைத் தொடைத் தசையில் ஏற்றுவது ஒன்று. கால் மணி நேரம் உள்ளே பிசையும், அப்புறம் தடம் தெரியாமல் போய்விடும். இன்னொன்று முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஊசிமுனையால் தொடுவது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பிரியமில்லை.

முதல் நாள் ஒரு பெண் ஊசி இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அன்று மத்தியானம் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் போர்த்துகிற பச்சைத் துணி வேண்டும் என்று நான்தான் கேட்டேன். பரணிதரனுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று, யார் யாரென்று யாருக்கும் தெரியாது. அதன்பிறகு உதவிக்கு இருந்த அம்மாள் பிள்ளையைப் படுக்க வைத்து, உச்சி முதல் பாதம் வரை துணியால் மூடி, வாயில் துண்டைக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். துணியில் நாலு அங்குல ஓட்டை. அதில் தெரிகிற தோல் மேல் அயோடின் பூசியிருக்கும். கறுப்பு, சிவப்பு, மாநிறம் எல்லாம் அந்தப் பழுப்பில் ஒன்றாகிவிடும். ஓட்டைக்குப் பக்கத்தில் டோக்கன் நம்பர். எனக்குத் தெரிந்ததெல்லாம் நம்பர்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஊசியை இறக்குவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று நானாகப் பழகிக்கொண்டது. பரணிதரன் ஒருநாள் பார்த்துவிட்டு, பட்டையில யாரும் தட்டிட்டு வலி குடுக்க மாட்டாங்க சிஸ்டர் என்றார். தட்டாமல் குத்த எனக்கு வராது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

நித்திலா பிளஸ் டூ போனதும் தன்னையும் வகுப்பில் சேர்க்கச் சொன்னாள். நான் முடியாது என்றேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாசம் சண்டை.

"ஊர்ப் பிள்ளைங்கல்லாம் உன்கிட்ட கத்துக்கிட்டு சீட்டு வாங்குது. நான் மட்டும் ஒண்ணுந் தெரியாம போயி உக்காரணுமா?" என்றாள்.

உன் மேல் கை வைக்க என்னால் முடியாது, வேண்டுமானால் ஃபார்மசி படி, லேப் டெக்னீஷியன் படி என்றேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை உப்பிலியபுரத்தில் பயாலஜி டியூஷன் என்று முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். நான் அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் போவேன். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பயிற்சி இல்லாமலே தேர்வை எழுதிப் பார்க்கிறேன் என்றாள், அதை நான் தடுக்கவில்லை.

அந்த வருஷம் நாற்பத்தொன்று என்று ஒரு டோக்கன் இருந்தது. சத்தமே வராது. மற்றப் பிள்ளைகள் துண்டைக் கடித்துக்கொண்டு முனகும், குதிகாலால் மேஜையை உதைக்கும். இது அசையாது. மூன்றாவது மாசமோ என்னவோ, எலும்புப் பாடத்தின்போது துணிக்கு அடியிலிருந்து அதன் கை நகர்ந்து வந்து, துணியோடு சேர்த்து என் கோட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. எடுத்துவிட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை. வலி அடங்குகிற வரை அப்படியே நின்றேன். வெளியே வந்து பரணிதரனிடம் நாற்பத்தொன்று நிச்சயம் தேறிவிடும் என்றேன்.

வீட்டிலும் வந்து சொன்னேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் சொல்வதற்கு? சாப்பிட்டுக்கொண்டே, அப்படியொரு பொண்ணு, வாயத் தொறக்காது, கட்டாயம் சீட்டு வாங்கும் என்று பெருமையாகச் சொன்னேன். நித்திலா ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தால் உனக்குப் பாவமாக இல்லையா என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தால்தானே பாவமாக இருக்கும் என்றேன். அப்படியாம்மா என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு நீலத்தடம் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேட்டதற்குக் கட்டில் கால் இடித்துவிட்டது என்றாள். நானும் சரி என்றேன். ஆயிரம் காயம் பார்த்த கண், அன்றைக்கு அவிந்து போயிருந்தது.

நோவுத் தேர்வு முடிந்து வெளியே வந்த நித்திலா முகத்தில் ரத்தமே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். மொத்தம் பத்துத் தாளாம், ஒவ்வொன்றும் ஒரு நோயாளி. நாலாவது தாளைப் பற்றி மட்டும் பேசினாள். கல் உடைக்கிற ஆளாக இருக்க வேண்டும், கால் எலும்பில் சீழ் கோத்திருக்கிறது, ரொம்ப நாளாக யாரிடமும் காட்டவில்லை என்றாள். பட்டையைக் கழற்றினதும் எனக்கு நின்றுவிட்டது, அவருக்கு நின்றிருக்குமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தாள் திருத்துவார்கள், வரிசை போடுவார்கள், அந்த ஆள் என்ன ஆனார் என்று எந்த இணையதளத்திலும் வராது.

நோவுத் தாளில் அவளுக்குத் தொண்ணூறரை வந்தது. நான் அறுபது வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். நர்ஸ் மகள் இல்லையா, ரத்தத்தில் ஊறியது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோயிலுக்குப் போய் ஒன்பது தேங்காய் உடைத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தேங்காயை என் மண்டையில் உடைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது.

படிப்பில் தொண்ணூற்றாறரை, மொத்தம் நூற்றெண்பத்தேழு. கலந்தாய்வுக்குச் சென்னை போனோம். மண்டபம் முழுக்க அப்பாக்களும் அம்மாக்களும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய திரையில் அரசுக் கல்லூரிகளின் பெயரும், ஒவ்வொரு பிரிவுக்கும் மீதமிருக்கிற இடமும் ஓடும். ஒரு பெயர் கூப்பிடுவார்கள், உள்ளே போவார்கள், திரையில் ஓர் எண் குறையும். அரசுக் கல்லூரி கிடைத்தால்தான் எங்களுக்குப் படிப்பு. தனியார் கல்லூரியெல்லாம் எங்கள் கைக்கு எட்டாது.

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் பிரிவில் ஆறு இடம் இருந்தது. நாலரைக்கு ஒன்று. நித்திலாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெண். எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தவள்தான், காலையில் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தவள். அவளுக்கு நூற்றெண்பத்தேழரை. உள்ளே போனாள். திரையில் ஒன்று என்றிருந்த இடத்தில் பூஜ்ஜியம் வந்தது. நித்திலா பெயரைக் கூப்பிடவே இல்லை. அரை மார்க்கும்மா, வெறும் அரை மார்க்கு என்று அவள் சொன்னபோது அழுதது நான்தான்.

விட்டுவிட மனசு வரவில்லை. விடைத்தாள் நகல் கேட்டு எழுதிப் போட்டேன், எங்காவது திருத்தினதில் தப்பு இருக்காதா என்று. இருபது நாள் கழித்து என் போனுக்கு வந்தது. நித்திலா மாவு அரைக்கப் போயிருந்தாள். மெஷின் திருத்தின தாள். பச்சையில் சரி, சிவப்பில் தப்பு. நாலாவது தாள்வரை ஒழுங்காகத்தான் வந்தேன். அதில் அவள் இப்படி எழுதியிருந்தாள்:

'வலது முழங்காலுக்குக் கீழ், முன்னெலும்பில் குத்தல். ஆழமானது, எலும்பையே ஊசி தொடுவது போன்றது. குத்தலுக்கு முன்பு, அதே இடத்தின் அருகில், தோலின் மேல் இரண்டு லேசான தட்டு.'

கடைசி வரியில் சிவப்புக் கோடு. பக்கத்தில் குறிப்பு: 'தட்டு, பதிவில் இல்லை. அரை மதிப்பெண் குறைக்கப்படுகிறது.'

நான் போனைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். என் மகளுக்கு நான் ஒரு ஊசி கூடப் போட்டதில்லை. என் விரலை அவள் எங்கே பார்த்தாள்? அடுப்பில் என்ன இருந்தது என்று நினைவில்லை, அது தீய்ந்து வீடெல்லாம் புகையான பிறகுதான் எழுந்தேன்.

அவள் வந்தாள். மாவுத் தூக்கை வாங்கி வைத்துவிட்டு, எந்த நம்பர் என்று மட்டும் கேட்டேன். என் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாப்பத்தொண்ணு."

தரையிலேயே உட்கார்ந்தேன். பரணிதரனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, உதவிக்கு இருந்த அம்மாளிடம் வேறு பேர் கொடுத்தேன், பெற்றோர் கையெழுத்தை நானே போட்டு, டியூஷன் பணத்தைக் கட்டினேன் என்றாள். உள்ளே இருப்பது நான் என்று தெரிந்துதான் வந்தாயா என்றேன்.

"தெரிஞ்சுதாம்மா வந்தேன். வேற யாருகிட்டயும் குத்து வாங்க எனக்கு பயமா இருந்துச்சு."

மீதியையும் தானாகவே சொன்னாள். பட்டையில் அந்த வலி வருவதற்கு முன்னால் நிஜமாகவே இரண்டு தட்டு வந்ததாம். கற்பனை இல்லையாம். உடம்பு பழகிப் போயிருந்ததாம். வலி வருகிறது என்றால் அம்மா விரல் முதலில் வந்தாக வேண்டும்.

அவளைப் பிடித்து அடித்திருக்கலாம். கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அவள் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். அயோடின் இல்லாமல் அந்த இடத்தை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். அவள் அப்பா கால் மாதிரியே, உள்பக்கம் கொஞ்சம் வளைந்த எலும்பு. எத்தனை சனிக்கிழமை அந்த எலும்பைத் தொட்டிருக்கிறேன்! எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாளே வேலையை விட்டேன். நித்திலாவுக்கு வேறு படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மடித்து வைத்தாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் திரும்ப எழுதப் போகிறேன் என்றாள். முதல் முயற்சியில் கிடைக்காதவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். அரை மார்க் தூரத்தில் நானூறு பேர் நிற்கிறார்கள், எல்லாரும் இன்னொரு வருஷம் வலி வாங்கப் போகிறார்கள். நான் பட்டினி கிடந்தேன், மிரட்டினேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். இப்போது ஒளிக்கவும் இல்லை.

என் இடத்தில் பரணிதரன் பழைய மருந்துக்கடைக்காரனையே கூப்பிட்டுக்கொண்டார். மூன்றாவது சனிக்கிழமை நித்திலா நொண்டிக்கொண்டு வந்தாள். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், பத்து நாள் நான் பக்கத்திலேயே கிடந்தேன். ஊசி இன்னும் அரை அங்குலம் தள்ளியிருந்தால் பாதம் போயிருக்கும். எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கு அவள் காலண்டரை எடுத்து அடுத்த சனிக்கிழமை என்ன தேதி என்று பார்த்தாள்.

எவனோ குத்துவதற்கு நான் குத்தினால் எலும்பும் நரம்புமாவது தப்பும். அதே வார்த்தைதான். அப்போது ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். ட்ரேயைக் கொதிக்க வைத்து எடுத்து வந்தேன். பச்சைத் துணி இல்லை. கேட்டால் வாங்கியிருக்கலாம், நான் கேட்கவில்லை, அவளும் வேண்டாம் என்றாள். அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. நெற்றியில் சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்ட தழும்பு.

"இந்தத் தடவ தட்டாம குத்தும்மா. பழக்கம் போவணும்" என்றாள். சரி என்றேன். அவள் துண்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

இடது கையை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன். வைத்தும் கொண்டேன். ஊசியை எடுத்தேன். எலும்பின் விளிம்பைப் பார்த்தேன். எப்போது அந்தக் கை முன்னால் வந்தது என்று எனக்குத் தெரியாது. விரல் அதுபாட்டுக்குப் போய் அவள் தோலில் பட்டது. ஒன்று. இரண்டு.

நித்திலா கண்ணைத் திறந்தாள். கோபப்படவில்லை. வாயிலிருந்து துண்டை எடுத்து, "முதல்லேருந்து வாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கடித்துக்கொண்டாள்.